ஆளுக்கு ரெண்டு கை

அடியேன் பி.காம். என்பதை இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. (நாலு வாரத்துக்கு ஒரு தடவை நானே சொல்லிவிடுகிறேன்.) மூன்று வருஷம் மாங்கு மாங்கென்று படித்ததில் இன்றைக்கு ஞாபகம் இருப்பது மூன்றே மூன்று சமாசாரம். ஒன்று, வரவும் செலவும் டேலி ஆக வேண்டும். ரெண்டு, முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும். மூன்று, டிமாண்ட் இருந்தால் சப்ளை வரும். இந்த மூன்றும் எனக்கு எந்த ஆபீஸிலும் சோறு போடவில்லை. ஒரே ஒரு இடத்தில்தான் உபயோகப்பட்டன.

தாய்ப்பால் விஷயத்தில்.

பார்த்தீர்களா, பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள்! "இது லேடீஸ் மேட்டர் சார்" என்று சினிமா ஸ்டில்லுக்கு நழுவப் பார்க்கும் கல்யாணமாகாத தம்பிகளுக்கும், கல்யாணமாகி ஆறு மாசம் ஆன ஆபீஸ் அண்ணன்களுக்கும்தான் இந்த வாரக் கட்டுரையே. உட்காருங்கள்.

*

நாங்கள் குடியிருப்பது விழுப்புரம். மனைவி வேலை பார்ப்பது திண்டிவனம். நடுவில் சுமார் 40 கிலோ மீட்டர். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று வழியெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே போகும் பஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். டோல்கேட்டில் கூட்டம் என்றால் கடவுள் விட்ட வழி. அவளுக்கு ஒரு பிரைவேட் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. ஆபீஸில் மொத்தம் 14 பேர். நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். 'ஃப்ரீலான்ஸ்' என்று விசிட்டிங் கார்டில் போட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் அதற்கு 'சும்மா இருக்காரு' என்று அர்த்தம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்களுக்கு மகள் பிறந்தாள். டாக்டரம்மா டிஸ்சார்ஜ் பண்ணும்போது தெளிவாகச் சொன்னார்: "ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும்தான். தண்ணிகூட வேணாம். அப்புறம் இட்லி, கஞ்சி எல்லாம் ஆரம்பிச்சாலும் ரெண்டு வயசு வரைக்கும் தாய்ப்பாலை விடாதீங்க." உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதேதான்.

பி.காம். மூளை உடனே பேனாவை எடுத்தது. 2017ல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு. அதற்கு முன்னால் 12 வாரம்தான் இருந்தது. 26 வாரம் என்றால் ஆறு மாசம். அடடா, கச்சிதமாக டேலி ஆகிறதே!

ஆகவில்லை. கால் வீங்கி, தினமும் 80 கிலோ மீட்டர் பஸ்ஸில் குலுங்க முடியாமல், பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்னாலேயே அவள் லீவு போட்டிருந்தாள். அந்த ஆறும் இந்த 26க்குள்தான் அடக்கம். பாக்கி 20. குழந்தைக்கு வேண்டியது 26. பற்றாக்குறை 6 வாரம். குழந்தையிடம் போய் "பாலன்ஸ் ஷீட் இடிக்குதும்மா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று சொல்ல முடியுமா?

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் அரசுப் பள்ளி டீச்சர். அவருக்கு 12 மாதம் லீவு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2011 வரை 90 நாள்தான் இருந்தது. அது ஆறு மாதமாகி, 2016ல் ஒன்பதாகி, 2021 ஜூலையிலிருந்து 12 மாதமாகிவிட்டது. எதிர் வீட்டில் சித்தாள் வேலைக்குப் போகும் பெண். முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசாங்கம் கொடுக்கும் மகப்பேறு உதவி உண்டு. லீவு என்ற வார்த்தையே அவள் அகராதியில் கிடையாது. மூன்றாம் மாசமே சிமென்ட் சட்டியைத் தூக்கிவிட்டாள். ஒரே தெரு, மூன்று அம்மா, மூன்று காலண்டர். பசி மட்டும் மூன்று குழந்தைக்கும் ஒரே மாதிரி.

*

இருபது வாரமும் முடிந்தது. காலை 7.40 பஸ்ஸில் ஏறினாள் என்றால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் திரும்புவாள். பகலில் பாப்பாவுக்கு நானும் என் அம்மாவும். "அதெல்லாம் பாத்துக்கலாம் போ" என்று தைரியமாகக் கையசைத்து அனுப்பினேன். டப்பா பால் வாங்கி வைத்திருந்தோம். (இந்த டப்பாவைப் பற்றி ஒரு விஷயம். 1992ல் வந்த சட்டப்படி குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரமே செய்யக் கூடாது. டப்பாவில் கொழுகொழு குழந்தைப் படமும் போடக் கூடாது. கடையில் பார்த்தால் தெரியும், கரடி பொம்மைதான் இருக்கும். டப்பா பால் கொடுக்கிற அம்மாக்களை நான் குறை சொல்ல வரவில்லை. சிலருக்கு வேறு வழியே இல்லை.)

குழந்தையின் வயிற்றைப் பற்றித்தான் நாங்கள் யோசித்தோம். அம்மாக்காரியின் உடம்பை யாரும் யோசிக்கவில்லை. பால் என்பது லீவு லெட்டர் படித்துவிட்டு நிற்கிற சமாசாரம் இல்லையே! பதினோரு மணிக்கு மார்பு கல்லாக இறுகிவிடும். பன்னிரண்டு மணிக்கு ரவிக்கை நனையும். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, துப்பட்டாவை ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நடப்பாளாம். ஆபீஸில் தாழ்ப்பாள் உள்ள இடம் ஒன்றே ஒன்று, பாத்ரூம். அங்கே போய், நின்றுகொண்டே, யாராவது கதவைத் தட்டுவதற்குள் கையால் பீய்ச்சி வாஷ்பேசினில் விட்டுவிட்டு வருவாள். அந்தப் பால் திண்டிவனம் சாக்கடையில். பாப்பா விழுப்புரத்தில் டப்பாப் பால். இது எனக்கு ஒன்பது நாள் தெரியாது. அவளும் சொல்லவில்லை. "சொன்னா நீங்க கட்டுரை எழுதிடுவீங்க" என்றாள் பின்னால்.

ஒன்பதாம் நாள் ஜுரம். குளிர் தூக்கிப் போட்டது. பால் கட்டிக்கொண்டு மார்பில் ஒரு பக்கம் சிவந்து வீங்கிவிட்டது. டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, "பால் குடுக்கறதை நிறுத்திடாதீங்க. தேங்க விட்டாத்தான் ஆபத்து. இந்தப் பாலால குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். ரெண்டு நாள் ரெஸ்ட். மூன்றாம் நாள் மறுபடி 7.40.

அன்று மத்தியானம் போன் வந்தது.

"ஏங்க... கடைத்தெருப் பக்கம் போனா மல்லிப்பூ ரெண்டு முழம் வாங்கி வைக்கிறீங்களா?"

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. குழந்தை பிறந்து அஞ்சு மாசமாக என்னோடு அவள் பேசியதெல்லாம் டயபர், சொட்டு மருந்து, கேஸ் புக்கிங் இவைதான். இப்போது மல்லிப்பூ! ரெண்டு முழம் கேட்டவளுக்கு நாலு முழம் வாங்கினேன். கூடவே கால் கிலோ அல்வா. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவன் வேறு என்ன செய்வான்?

ராத்திரி பூவை நீட்டினேன். தலையில் வைத்துக்கொள்ளவில்லை. முகத்தைக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அல்வாப் பொட்டலத்தோடு பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன். அம்மா அடுப்படியிலிருந்து மெதுவாகச் சொன்னாள்:

"அது தலைக்கு இல்லடா. பால் வத்தறதுக்கு. மாருல வெச்சுக் கட்டுனா ரெண்டு மூணு நாள்ல வத்திடும். மூணாவது வீட்டு ஆயா சொல்லுச்சாம்."

பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடாதீர்கள். வேலூர் சி.எம்.சி. டாக்டர்களே இதை ஆராய்ந்து 1988ல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். பால் வற்றுவதற்குக் கொடுக்கும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, மல்லிகைப் பூவும் வேலை செய்கிறது என்று கண்டார்கள். குழந்தையைப் பறிகொடுத்த அம்மாவின் வேதனை குறைய நம் ஊரில் காலம் காலமாகச் செய்துவந்த வைத்தியம் அது. இங்கே குழந்தை தூளியில் கைகாலை ஆட்டிக்கொண்டு கிடக்கிறது.

கதவைத் தட்டி உள்ளே போனேன். மடியில் நாலு முழம் பூவும் கிழித்த பழைய வேட்டித் துணியுமாக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

"எனக்கு வேற வழி தெரியலைங்க. வேலைய விட்டா வீட்டு லோன யாரு கட்டறது? உங்க கட்டுரையா?"

நியாயமான கேள்வி. நான் வாரா வாரம் எழுதுவதற்கு மாசா மாசம்கூட செக் ஒழுங்காக வருவதில்லை.

*

அப்போது அம்மா உள்ளே வந்தாள். தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, பாட்டுக்குத் தன் கதையை ஆரம்பித்தாள்.

அம்மாவுக்குத் திண்டிவனம் பக்கத்துக் கிராமம். மல்லாட்டை ஊர். (வெளியூர்க்காரர்களுக்கு: மல்லாட்டை என்றால் நிலக்கடலை. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. டி.எம்.வி. என்று முன்னால் போட்டு வருகிற கடலை ரகங்கள் எல்லாம் அங்கே பிறந்தவை. ஊர்ப் பெருமை முடிந்தது.)

"உன்னைக் கைக்குழந்தையா வெச்சுக்கிட்டு மல்லாட்டை ஆயப் போனேன். வரப்போரம் புளிய மரத்துல தூளி கட்டிப் போட்டிருப்பேன். நீ வீல்னு கத்துவ. எழுந்து போவேன். மேஸ்திரி மொறைப்பாரு. அளந்துதானே கூலி? உனக்குப் பால் குடுத்துட்டு வர்ற நேரத்துல அடுத்தவங்க ஒரு கூடை ஆய்ஞ்சிடுவாங்க. ஆனா நான் திரும்பி வந்து பாத்தா என் கூடை கொறைஞ்சிருக்காது. அக்கம் பக்கத்துல ஆயறவங்க ஆளுக்கு ரெண்டு கை அள்ளி என் கூடைல போட்டிருப்பாங்க. யாரும் சொல்லிக் காட்ட மாட்டாங்க. அவங்க அவங்க பெத்தப்போ நானும் போட்டேன்."

மருமகள் தலையைத் தடவினாள். "உனக்கு அங்க ரெண்டு கை போட ஆள் இல்ல. அதான் கண்ணு விஷயம். பால்ல ஒண்ணும் கொறை இல்ல."

வாசகர்களே, பொருளாதாரத்தில் நான் படித்த எந்தப் பேராசிரியரும் இவ்வளவு சுருக்கமாக ஒரு விஷயத்தைச் சொன்னதில்லை.

அன்றைக்கு நாலு முழம் மல்லிப்பூவும் பூஜை ரூம் பிள்ளையாருக்குப் போயிற்று. அல்வாவை மூன்று பேரும் தின்றோம்.

*

மறுநாள் நாங்கள் பிரசவம் பார்த்த இடத்து சிஸ்டரிடம் போனோம். அவர் சொன்னதில் எனக்குப் பெரிய ஆச்சரியம், என் மூன்றாவது பாடம் அப்படியே பொருந்தியதுதான்.

கடையில் சரக்கை எடுத்தால் ஸ்டாக் குறையும். தாய்ப்பாலில் எடுக்க எடுக்கத்தான் சரக்கே வரும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நம் ஊரில் சொல்வது இதற்குத்தான் பொருத்தம். மார்பில் பால் நிறைந்து நின்றால் "இங்கே வேண்டாம் போலிருக்கு" என்று உடம்பே உற்பத்தியைக் குறைத்துவிடும். எடுத்துவிட்டால் "இன்னும் கேட்கிறாங்கப்பா" என்று மறுபடி சுரக்கும். ஆகவே, வேலைக்குப் போகிற அம்மா பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பாலை எடுத்துவிட வேண்டும். ராத்திரி குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும். சுரப்பதற்கான ஹார்மோன் ராத்திரியில்தான் ஜாஸ்தி.

இன்னொரு ஹார்மோன் இருக்கிறது, ஆக்சிடோசின். சுரந்த பாலை வெளியே தள்ளுகிற கண்டக்டர் அதுதான். இந்தக் கண்டக்டருக்குப் பயம், பதற்றம் ஆகாது. யாராவது கதவைத் தட்டினால் விசில் அடிக்காமல் நின்றுவிடும். குழந்தையின் போட்டோவைப் பார்த்தால், நிம்மதியாக உட்கார்ந்தால், வண்டி கிளம்பும். அதாவது, தாழ்ப்பாள் என்பது இங்கே வெட்கத்துக்காக மட்டும் இல்லை. பால் வருவதற்கே அது வேண்டும்!

பம்ப் கட்டாயம் இல்லை, சுத்தமாகக் கழுவிய கையே போதும் என்று எப்படிச் செய்வது என்பதையும் சொல்லிக் கொடுத்தார். "வேலைக்குப் போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே பழகியிருக்கணும். ஏன் முன்னாடியே வரல?" என்று திட்டினார். திட்டு எனக்கு. அவர் பார்த்தது என்னைத்தான்.

*

அடுத்து ஆபீஸ்.

பாலூட்டும் தாய்க்கு, குழந்தைக்கு 15 மாதம் ஆகிறவரை, சாதாரண இடைவேளை போக தினமும் ரெண்டு தனி இடைவேளை கொடுக்க வேண்டும். இது 1961ல் வந்த மகப்பேறு உதவிச் சட்டத்திலேயே இருந்தது. 2020ல் பார்லிமென்ட் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இதற்கும் தாத்தா ஒன்று உண்டு. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919லேயே, பிறந்த வருஷமே, "பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்தில் ரெண்டு தடவை அரை மணி நேரம்" என்று ஒப்பந்தம் போட்டுவிட்டது. 2017 திருத்தத்தில் 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்றும் சேர்த்தார்கள். எங்கள் அம்மணி ஆபீஸில் 14 பேர். காப்பகம் கிடையாது. இடைவேளை உண்டு.

ஆனால் சட்டம் எழுதியவர்கள் மனசில் குழந்தை பக்கத்து ரூமில் இருக்கிறது, அல்லது புளிய மரத்தடியில் இருக்கிறது. என் மகள் 40 கிலோ மீட்டர் தள்ளி இருக்கிறாள். மேனேஜரிடம் கேட்டபோது அவரும் அதைத்தான் கேட்டார்: "குழந்தைதான் இங்க இல்லையேம்மா, அப்புறம் எதுக்கு இடைவேளை?" கெட்டவர் இல்லை. மூன்று பிள்ளை பெற்றவர். பெற்றது வீட்டம்மா, அவருக்கு விவரம் தெரியாது, அவ்வளவுதான். இவள் தலையைக் குனிந்துகொண்டு, "சார், குழந்தை இல்ல. பால் இருக்கு" என்றாளாம். மனிதர் பேப்பர்வெயிட்டைச் சுற்றிக்கொண்டே அஞ்சு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "ரெக்கார்ட் ரூமை எடுத்துக்கோம்மா" என்றார்.

ரெக்கார்ட் ரூமில் பழைய லெட்ஜர், உடைந்த நாற்காலி, பல்லி எல்லாம் இருந்தன. தாழ்ப்பாள் மட்டும் இல்லை.

இந்த இடத்தில்தான் கதையின் ஹீரோ வருகிறார். நான் இல்லை. அந்த ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த டெஸ்பாட்ச் கிளார்க், 23 வயசுப் பையன். யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. மத்தியானம் சாப்பிடப் போனவன் திரும்பி வரும்போது ஹார்டுவேர் கடையிலிருந்து ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தான். ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருகினான். லெட்ஜர்களை ஒரு மூலையில் அடுக்கினான். ஒரு நல்ல நாற்காலியைத் தூக்கிப் போட்டான். ஜன்னலில் பழைய காலண்டர் தாளை ஒட்டினான். "அக்கா, ஸ்டாக் ரூம் ரெடி" என்று சாவியைக் கொடுத்துவிட்டு அவன் பாட்டுக்கு ஸ்டாம்ப் ஒட்டப் போய்விட்டான்.

தாழ்ப்பாள் 60 ரூபாய். பெட்டி கேஷில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று என் மனைவிக்கே குழப்பம். 'ரிப்பேர் அண்ட் மெயின்டனன்ஸ்' என்று எழுதினாள். இவ்வளவு சரியான என்ட்ரியை அவள் வாழ்க்கையில் போட்டதில்லை என்பது என் கருத்து.

அவள் உள்ளே இருக்கும் இருபது நிமிஷம் அவள் போனைப் பக்கத்து சீட்டு அக்கா எடுப்பார். "சார், அவங்க பாங்க் வேலையா இருக்காங்க" என்று சத்தியமாகப் பொய் சொல்வார். ஆளுக்கு ரெண்டு கை!

அமெரிக்காவில் 2010ல் இதற்காக ஒரு சட்டம் வந்தது. அதில் எனக்குப் பிடித்த பகுதி: பாலை எடுப்பதற்கு அம்மாவுக்குக் கொடுக்கும் இடம் 'பாத்ரூமாக இருக்கக் கூடாது', பிறர் கண்ணில் படக் கூடாது, நடுவில் யாரும் நுழையக் கூடாது. இதைச் சொல்ல ஒரு தேசத்துக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. திண்டிவனத்தில் ஒரு பையனுக்கு ஸ்க்ரூ டிரைவர் போதுமாக இருந்தது.

*

பால் எடுத்தாகிவிட்டது. விழுப்புரம் வந்து சேர வேண்டுமே?

25 டிகிரி வெப்பத்தில் தாய்ப்பால் நாலு மணி நேரம் தாங்கும். விழுப்புரத்தில் 25 டிகிரி என்பது மார்கழி விடியற்காலை. சித்திரை மத்தியானத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஐஸ் பேக் வைத்த பெட்டியில் 24 மணி நேரம் தாங்கும். ஃப்ரிட்ஜில் நாலு நாள், அதுவும் கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். ஃப்ரீஸரில் ஆறு மாசம். ஆகவே சின்ன ஐஸ் பெட்டி ஒன்று வாங்கினோம். முதல் நாள் பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மீனா? நாத்தம் அடிச்சா எறக்கி விட்ருவேன்."

"மீன் இல்லண்ணே. குழந்தைக்குப் பால்."

"திண்டிவனத்துலேருந்து வாங்கிட்டுப் போறீங்களா? விழுப்புரத்துல பால் கெடைக்காதா?"

பின் சீட்டில் இருந்த ஒரு பாட்டியம்மா கண்டக்டர் காதில் என்னவோ சொன்னார். மனிதர் நாக்கைக் கடித்துக்கொண்டு விசில் அடித்தார். அதிலிருந்து அந்த பஸ்ஸில் அந்தப் பெட்டிக்கு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு நிரந்தர இடம். இதுவும் ரெண்டு கைதான்.

வீட்டில் நான் ஸ்டோர் கீப்பர். ஒவ்வொரு பாட்டிலிலும் தேதி, மணி எழுதி ஒட்டுவேன். முதலில் வந்தது முதலில் போக வேண்டும், ரெண்டாவது பாடம்! ஃப்ரிட்ஜில் வைத்தால் ஏடு மேலே பிரிந்து நிற்கும். கெட்டுப்போயிற்று என்று முதல் நாள் நான் கொட்டப் பார்த்தேன், அம்மா கையைத் தட்டிவிட்டாள். மெதுவாகச் சுழற்றினால் சேர்ந்துவிடும். அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அதற்குள் பாட்டிலை வைத்தால் போதும். குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

ஃபீடிங் பாட்டில் வேண்டாம், பழகிவிட்டால் குழந்தை மார்பில் குடிக்க மறுக்கலாம் என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால், அம்மா பரணிலிருந்து ஒரு வெள்ளிப் பாலாடையை இறக்கினாள். நான் குடித்த பாலாடை. கொதிக்க வைத்துத் துடைத்துக் கையில் கொடுத்தாள். மகளை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். முதல் நாள் பாதி பால் என் பனியனுக்கு. ஒரு வாரத்தில் எக்ஸ்பர்ட் ஆகிவிட்டேன். 'சும்மா இருக்காரு' என்று சொன்ன தெரு ஜனங்கள் அப்புறம், 'பால் ஊத்தறாரு' என்று ஆரம்பித்தார்கள். நம் ஊரில் பால் ஊற்றுவதற்கு வேறு ஓர் அர்த்தமும் உண்டு என்பதால் கொஞ்சம் சங்கடம்தான்.

*

பஸ் ஸ்டாண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒட்டி, அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தமிழ்நாடு முழுக்க பஸ் நிலையங்களில் 350க்கு மேற்பட்ட தாய்ப்பால் ஊட்டும் அறைகளைத் திறந்து வைத்தார். அதே சமயத்தில் ஏழு அரசு ஆஸ்பத்திரிகளில் தாய்ப்பால் வங்கியும் ஆரம்பித்தார்கள். எத்தனையோ தாய்மார்கள் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு தூண் மறைவு தேடிய காலம் போய், மின்விசிறியும் நாற்காலியும் உள்ள ஓர் அறை. நல்ல காரியம். யார் செய்தாலும் கைதட்ட வேண்டும்.

ஆனால் அறை கட்டினால் மட்டும் போதுமா? ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது ஓர் ஊர் பஸ் ஸ்டாண்டில் (பெயர் வேண்டாம்) அந்த அறைக்குள் துடைப்பக் கட்டையும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் உட்கார்ந்திருந்தன. சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். வந்ததும், "குழந்தை எங்கம்மா?" என்றார். பாப்பாவை அன்றைக்கு அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். "குழந்தை இல்லாம ரூம் தர முடியாது." மறுபடி அதே கணக்கு! குழந்தை இல்லாத இடத்திலும் பால் இருக்கும் என்பது இந்த நாட்டில் எத்தனை பேருக்குத்தான் தெரியும்?

உங்களுக்கு இப்போது தெரியும். அதனால் தம்பிகளே, உங்கள் ஆபீஸில் பிரசவ லீவு முடிந்து ஓர் அக்கா திரும்பி வந்தால், தயவுசெய்து மூன்று காரியம். ஒன்று, தாழ்ப்பாள் உள்ள ஒரு ரூமுக்கு வழி பண்ணுங்கள், அது பாத்ரூமாக இருக்க வேண்டாம். ரெண்டு, அவர் இருபது நிமிஷம் சீட்டில் இல்லை என்றால் "எங்க போனாங்க?" என்று கேட்காதீர்கள், போனை எடுங்கள். மூன்று, ஆபீஸ் ஃப்ரிட்ஜில் பெயர் எழுதிய டப்பா இருந்தால் திறந்து பார்க்காதீர்கள். ஜோக் அடிக்காதீர்கள். டீயில் ஊற்றிவிடவே ஊற்றிவிடாதீர்கள்!

கல்யாணமான அண்ணன்களுக்கு ஒன்றே ஒன்று. மனைவி மல்லிப்பூ கேட்டால், எதற்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

*

ஆறு வாரப் பற்றாக்குறையைக் கட்டிவிட்டோம். மாத்திரை சாப்பிட்ட அந்தச் சில நாளைத் தவிர வேலைக்கு ஒரு நாள்கூட மட்டம் இல்லை. மகள் ஒன்றரை வயசு வரை அம்மாவிடம் குடித்தாள். லோனும் ஓடிக்கொண்டிருக்கிறது. வரவும் செலவும் டேலி.

போன மாசம் அந்த டெஸ்பாட்ச் பையன் போன் பண்ணினான். இப்போது அவனுக்குக் கல்யாணமாகி, மனைவிக்கு ஏழாம் மாசம். அவளும் வேலைக்குப் போகிறவள்.

"அண்ணே, அக்கா கொண்டு வருவாங்களே ஒரு ஐஸ் பெட்டி... அது இன்னும் இருக்கா?"

இருக்கிறது. ஆனால் கொடுக்க முடியாது. ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை அதில்தான் மீன் வாங்கி வருகிறேன். கடைசியில் கண்டக்டர் வாக்குதான் பலித்தது.

வளைகாப்புக்குப் புதுசாகவே ஒன்று வாங்கிக்கொண்டு போனோம். கூட ஒரு தாழ்ப்பாள். விலை ஏறிவிட்டது, 75 ரூபாய். ஸ்க்ரூ தனி.